ஓய்வெடுத்த விரல்கள்

கைரேகைக் கருவிகளைச் சோதித்துச் சொல்லும் வேலையில் நான் இருந்த காலம். ரேஷன் கடைகளுக்கென்று புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. தேய்ந்த விரல்களையும் அது படிக்கிறதா என்று பார்க்க, நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தைவிட நல்ல இடம் கிடையாது என்று, பெரிய புத்திசாலி மாதிரி, நான்தான் யோசனை சொன்னேன்.

நான் போன காலையில் தெருவில் தறிச் சத்தமே இல்லை. அமாவாசை விடுமுறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாள்காட்டியைப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தேன். தெருக்காரர்கள் குளித்து, தலைவாரி, கல்யாணத்துக்கு வருவது போல வந்து விரல் வைத்தார்கள். எல்லாருக்கும் பச்சை விளக்கு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக வந்த அக்கா பாவு பிணைப்பவர். தறியில் நீளவாக்கில் ஓடித் தீர்ந்துபோன பாவின் நூல்முனைகளோடு புதுப் பாவின் நூல்களை, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. ஆயிரக்கணக்கான நூல்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்தே தீரும். அவருக்கும் பச்சை.

"ரேகை இவ்வளவு தெளிவா இருக்குதே அக்கா!" என்றேன்.

"இருக்காதா பின்ன? நீ வரப்போறேன்னு சொன்னதும் நாலு நாளா பாவையே தொடலியேமா. தெருவே தேங்கா எண்ண தடவிக்கினு சும்மா குந்திக்கினு இருக்குது. இதுல ரேகை வுழலன்னா கார்டுல பேர எடுத்துடுவாங்களாமே!"

கருவி தேறிவிட்டது என்று நான் எழுதினால் கடைக்கு இதுதான் வரும். வேலை இருக்கிற மாதமெல்லாம் இவர் அரிசி இல்லாமல் திரும்ப வேண்டியதுதான். பரீட்சை உங்களுக்கு இல்லை, கருவிக்குத்தான் என்று சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அக்கா பாவின் முன் உட்கார்ந்திருந்தார். விரலில் இருந்த சாம்பலைப் புடவையில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. கழுவித் துடைத்து வைத்தார். மறுபடியும் சிவப்பு. அடுத்த விரலுக்கும் அதே.

சிரித்துவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"போன வாரம் நான்தான்னு சொல்லுச்சு. வேலை செஞ்சா நான் நானில்லியாமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் நாள் முடிவே நன்றாகத்தானே இருக்கிறது, அதையே அனுப்பு என்றார்கள் அலுவலகத்தில். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தப் பச்சைகள் எல்லாவற்றையும் பதிவேட்டில் கோடு போட்டு அடித்தேன். தெருவில் மறுபடி, தறி ஓடுகிற நாட்களில் மட்டும், சோதித்தேன். கருவி தேறவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அறிக்கையின் முதல் வரியாக அந்த அக்கா கேட்டதை, அவர் கேட்டபடியே போட்டேன்.