நீ சொல்லு மொதல்ல

அடையாறில் ஒரு மருத்துவமனையில், மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது என் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத பெண்களின் ரத்தமும் எங்களுக்கு வேண்டும். தன் பக்கத்து வீட்டுக்காரியின் சிகிச்சைக்குத் துணையாக வந்திருந்த அந்த அம்மாவை அப்படித்தான் கேட்டேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். நல்ல உயரம், நரைத்த கொண்டை, முழங்கை வரை பச்சை குத்தியிருந்தார். உடனே சம்மதித்தார்.

ஆனால் படிவத்தில் இருந்த ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் வரவில்லை. "நீ சொல்லு மொதல்ல" என்பார். நான் எந்த வயதில் பெரியவளானேன், பிள்ளைக்கு எத்தனை மாதம் பால் கொடுத்தேன் என்றெல்லாம் சொன்ன பிறகே தன் கதைக்கு வருவார். வம்புக்கு அலைகிறவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"குடும்பத்துல யாருக்காவது இந்த நோய் இருந்துச்சா?"

"நீ சொல்லு மொதல்ல."

"எங்கம்மாவுக்கு இருந்துச்சு."

"அப்ப நீ ரத்தம் குடுத்துட்டியா?"

"நான் இங்க வேலை பாக்கறேம்மா."

"வேலை பாத்தா இன்னா? உனக்கு ஒடம்பு இல்லியா?"

தன் வீட்டில் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் என்னுடன் வேலை பார்க்கும் தோழியிடம், எனக்கும் ஒரு படிவம் நிரப்பச் சொன்னேன். எத்தனையோ பேரிடம் நானே கேட்ட கேள்விகள்தான். "குடும்பத்துல யாருக்காவது" என்று அவள் ஆரம்பித்தாள்.

"நீ சொல்லு முதல்ல" என்றேன்.