டெல்மர் கட்டிய கம்பி

குனிந்து ஒரு சுள்ளியை எடுக்கிறார் டெல்மர் டோலெஃப்சன். வேலிக்கு அப்பால் வீசிவிட்டு மறுபடியும் குனிகிறார். எழுபது வயது, தேய்ந்துபோன முழங்கால். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் ஊர் வழியே ஓடிய ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பிடுங்கி, சைக்கிள் பாதை போட்டார்கள். அது அவருடைய பண்ணையை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. அந்தத் துண்டுப் பாதையில் ஒரு சருகைக்கூட அவர் கிடக்க விடுவதில்லை.

சைக்கிள்காரர்களை அவருக்குப் பிடித்ததே இல்லை. "பூசணிக்காயக் கவுத்த மாதிரி ஒரு தொப்பி. எங்கய்யா போறேன்னு கேட்டா, சும்மாங்கிறான். சும்மா போறதுக்கு எதுக்கு இவ்வளவு வேகம்?" பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் நான் காபிக்கடை வைத்திருக்கிறேன். அவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்பேன். "உன் காபியக் குடிச்சும் உசுரோட போறானுங்களே, அத சொல்லு" என்பார். இதெல்லாம் பழைய பேச்சு. இப்போது காபியைக் குடித்ததும் சுள்ளி பொறுக்க எழுந்து போய்விடுகிறார்.

ரயில் ஓடிய காலத்தில், கறவைக்கு மாடுகளைத் தண்டவாளம் தாண்டி ஓட்டும்போது, அவை அதன் வழியே போய்விடாமல் இரு பக்கமும் குறுக்கே கம்பி கட்டுவார். தூரத்தில் ரயில் ஊதியதும் ஓடிப்போய் அவிழ்ப்பார். சைக்கிள்கள் வந்த பிறகும் அதே பழக்கம். ஓர் அக்டோபர் மாலை கம்பியை அவிழ்க்காமல், தப்பிப்போன கன்றைத் தேடிப் போய்விட்டார்.

"ஊதியிருந்தா ஓடியாந்திருப்பேனே" என்று போலீஸ்காரரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. சைக்கிளில் வந்து, கழுத்தைக் கம்பி அறுத்து விழுந்தவள் ஜானெல். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். உயிர் பிழைத்தாள். குரல் போய்விட்டது.

டெல்மர் மாடுகளை எல்லாம் விற்றார். மன்னிப்புக் கேட்கப் போனவரை ஜானெலின் கணவர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். "அவ ஒரே ஒரு தடவ பயமில்லாம இந்தப் பக்கம் போகணும். அதப் பாத்துட்டா போதும் எனக்கு" என்று டெல்மர் என்னிடம் சொன்னார்.

போன சனிக்கிழமை அவள் வந்தாள். நானும் அவரோடு பாதையோரம் நின்றிருந்தேன். தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கி, ஒரு கையால் தள்ளிக்கொண்டு நடந்தாள். மறு கையைக் கழுத்துக்கு முன்னால் நீட்டி, வெறும் காற்றைத் தடவித் தடவி வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமே இல்ல, வாம்மா" என்றார் டெல்மர்.

அவள் கையை இறக்கவில்லை. அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து, அவள் கண்ணில் படும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.