ரேடியோகிராமுக்கு வைத்த பொட்டு

மாமனார் வீட்டு ரேடியோகிராம், மதுரை ஆனையூரில் எங்கள் வாசலில் ட்ரைசைக்கிளில் வந்து இறங்கியது. தொண்ணூறுகளின் கடைசி அது. மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு சுழலும் மேடை, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், கீழே நாலு கால். பாடிப் பல வருஷம் ஆகியிருந்தது.

மாமனார் அதுவரை எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவர்கள் சௌராஷ்டிரா குடும்பம், தறிக்காரர்கள். நான் மேற்கே காடுகரை உழும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மகள் தானாகத் தேடிக்கொண்ட கல்யாணம் அவருக்கு ஆறவேயில்லை. பெட்டியை அனுப்பும்போது மட்டும், அது பாடினால் சொல்லியனுப்பு, வந்து கேட்கிறேன் என்று மகளிடம் சொன்னாராம்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளுமா? ஆபீஸ் விட்டதும் உதிரிபாகம் தேடிச் சிம்மக்கல்லுக்கு ஓடுவேன். தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் கல்லாக இறுகிப்போயிருந்தது. அதற்கு மாற்றுத் தேடித் தருவதாகச் சொன்ன ரேடியோ கடைக்காரர், நாளைக்கு வாங்கண்ணே, நாளைக்கு வாங்கண்ணே என்றே மூன்று வாரம் இழுத்தடித்தார். அவரோடு சண்டை போட்டு வேறு கடையில் வாங்கினேன். அறுந்த வயர்களை நானே பற்றவைத்தேன், விரலையும் சுட்டுக்கொண்டேன். சோற்றுத் தட்டோடு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பேசாமல் இந்தப் பெட்டியையே கட்டியிருக்கலாம் நீங்கள் என்றாள் மனைவி. உன் அப்பாவுக்காகத்தானே இந்தப் பாடு என்று கத்திவிட்டேன். அவள் துணியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பலகையைத் துடைத்தாள்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் பாடிவிட்டது! பூத்துக்கு ஓடி மாமனாருக்குப் போன் போட்டேன். நாளைக்குத் தறி ஓடாது, வருகிறேன் என்றார்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுச் சந்தனம் குழைத்து, பெட்டிக்கு மூன்று பொட்டு வைத்தேன். இசைத்தட்டுகளைச் சாமி படத்தின் முன்னால் அடுக்கிச் சூடம் காட்டினேன். எங்கள் ஊரில் டிராக்டருக்கு அப்படித்தான். பொட்டு வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, உடனே ஒரு சுற்று ஓட்டிவிட வேண்டும். மனைவி அடுப்படியில் இருந்ததால் இதைக் கவனிக்கவில்லை.

மாமனார் கையை வீசிக்கொண்டு வந்தார். மகளிடம் அவர்கள் மொழியில் இரண்டு வார்த்தை பேசினார். என்னிடம் தலையை மட்டும் ஆட்டினார். நான் அவசர அவசரமாக ஒரு இசைத்தட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

"பூஜையில வச்சாச்சுல்ல? நாளைக்குத்தான் தொடணும்" என்றார் மாமனார்.

மனைவியைப் பார்த்தேன். ஆமாம் என்றாள். அவர்கள் வீட்டில் அன்று தறியைக்கூடத் தொடமாட்டார்களாம். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். பாட்டுக்காக வந்த மனிதர், பாட்டு இல்லையென்றால் கிளம்பிவிடுவார். இன்னொரு தடவை வருவாரா? கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என்மேலேயே எனக்கு அம்புட்டு ஆத்திரம்.

அவர் பெட்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து நான் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிர்ந்து, மகளைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, ராத்திரிக்கு மாத்து வேட்டி ஒண்ணு இருக்கா?"

மதுரையில் டீக்கடைக்காரர்கூட என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட வேண்டிய மனிதர் அன்றைக்குத்தான் கூப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பீரோவைத் திறந்து, இருந்த நாலு வேட்டியையும் அள்ளிக்கொண்டு ஓடிவந்தேன்.