மச்சானுக்கு வாங்கிய மோதிரம்

என் கல்யாணத்தில் யாரும் என் காலைக் கழுவவில்லை. எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்பதால் எனக்கு அது குறையாகவும் படவில்லை. ஆனால் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. அவர்கள் முறைப்படி பெண்ணின் சகோதரன் மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்து வர வேண்டும். பதிலுக்கு மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட வேண்டும். ஒன்றுவிட்ட தம்பி யாரையாவது நிறுத்திக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். தனக்குச் சொந்த அண்ணன் இருக்கிறார், அவர் வந்து கழுவட்டும் என்றாள். நான் கழுவாத காலோடு மணவறை ஏறினேன். அவனுக்காக வாங்கிய மோதிரம் சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டு அலமாரிக்குப் போனது.

அந்த அண்ணனை நான் பார்த்ததில்லை. போர் முடிந்த வாரத்தில், சனத்தோடு சனமாக வந்தவன் ராணுவத்தின் பஸ் ஒன்றில் ஏறியதை மாமியார் பார்த்திருக்கிறார். அந்த பஸ் எங்கே போய் நின்றது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மூவறை வீட்டில் அவனுக்கு என்னைவிட உரிமை அதிகம். மீன் குழம்பு வைத்தால் அவனுக்கு உறைப்பு பத்தாது. நான் சட்டை வாங்கினால் அந்த நிறம் அவனுக்குத்தான் எடுப்பாக இருக்கும். சாயங்காலம் நான் கதவைத் திறக்கும்போது அவள் வெடுக்கென்று நிமிர்ந்து பார்ப்பாள். நான்தான் என்று தெரிந்ததும் முகம் லேசாக வாடும், பிறகு சிரிப்பாள். எத்தனை வருஷமானாலும் அது எனக்குப் பழகவில்லை. கோபம் கோபமாக வரும். செத்தவனோடு எப்படி மல்லுக்கு நிற்பது? ஆமாம், அவன் இல்லை என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். அவளிடம் சொன்னதில்லை.

ஆவணியில் அவன் பிறந்த நட்சத்திரத்தன்று காத்தோங்கில் சிலோன் ரோடு பிள்ளையாருக்கு அவன் பெயரில் அர்ச்சனை செய்வோம். பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் செய்யும் இந்த அர்ச்சனை, இருப்பவர்களுக்கு. போனவர்களுக்கு மோட்ச அர்ச்சனை என்று தனியாக உண்டு. பக்கத்தில் கைகூப்பி நிற்கும் நான், உன்னிடமே பொய் சொல்கிறோமே என்று பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இலங்கையில் சனம் தெருவுக்கு வந்தது. பெட்ரோலுக்கு ஒரு வரிசை, எரிவாயுவுக்கு ஒரு வரிசை என்று நின்றவர்கள் எல்லோரும் ஒருநாள் ஒன்றாகச் சேர்ந்து ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போய்விட்டார். ஆபீஸ் நண்பர்கள் வீடியோவாக அனுப்பித் தள்ளினார்கள். மாளிகை நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள், மெத்தையில் உருள்கிறார்கள், சமையலறையில் புகுந்து சமைக்கிறார்கள். போனவர் எந்த ஊரில் இறங்கியிருக்கிறார் என்று தேக்கா கடைத்தெருவில் ஆளுக்கு ஒரு கதை. எங்கள் புளோக்கின் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் பாய், உங்க வீட்டுக்கு இனிமே நல்ல காலம்லா என்று என் கையைக் குலுக்கினார்.

வீட்டில் அவள் மட்டும் சிரிக்காமல், ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஆக்களைப் பாக்காதேங்கோ, பின்னால பாருங்கோ. அந்தக் கதவு பூட்டிக் கிடக்கு."

ஸ்டோர் ரூமாக இருக்கும் என்றேன்.

"அப்ப ஏன் ஒருத்தரும் அதைத் திறந்து பாக்கேல்லை?"

அதற்குப் பிறகு எந்த வீடியோவைப் பார்த்தாலும் எனக்கும் கதவுதான் தெரிந்தது. குதிக்கிற இளைஞர்களுக்குப் பின்னால், செல்ஃபி எடுக்கிற குடும்பத்துக்குப் பின்னால், ஏதாவது ஒரு கதவு மூடியிருந்தது. மறுநாள் டோபி காட் ரயில் நிலையத்தில், ஊழியர்களுக்கு மட்டும் என்று எழுதிய ஒரு கதவின் முன்னால் என் கால் தானாக நின்றது. வருஷக்கணக்காகக் கடந்துபோகிற கதவு. அதில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே மின்சாரம் ரீங்காரமிடுகிற ஓசை. உனக்கும் கழன்றுவிட்டதா என்று என்னையே திட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

அந்த வாரம் அவள் மோதிரத்தை எடுத்து, மங்கிப் போயிருக்கிறது, பாலிஷ் போட வேண்டும் என்றாள். சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையில் கொடுத்தோம். வாங்கப் போன அன்று கடைப் பையன்கள் ஒரு போனைச் சுற்றி நின்றிருந்தார்கள். அடுத்த ஜனாதிபதி சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டிருந்தார். பொறுத்துப் பார்க்கலாம் என்றார் ஒரு வாடிக்கையாளர். ஆளை மாத்திட்டாங்க, மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கும்லா என்றான் ஒரு பையன். முதலாளி மோதிரத்தைத் துடைத்து நீட்டி, மாப்பிள்ளைக்கா என்று கேட்டார். அண்ணாவுக்கு என்றாள். பிறகு போனில் தெரிந்த முகத்தைப் பார்த்தபடி எல்லோரையும் பொதுவாகக் கேட்டாள்.

"புது ஆள் எல்லாக் கதவையும் திறந்து பாக்கச் சொல்லுவார்தானே?"

முதலாளி ரசீதைத் தேடினார். அந்தப் பையனை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு. அவன் சொன்னதைத்தான் நானும் நினைத்திருந்தேன்.

ஊரில் மாமியார், காணாமல் போனவர்களின் தாய்மார்களோடு ரோட்டோரக் கொட்டகையில் மகன் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். பதில் சொல்லுங்கள் என்று ஜனாதிபதியைப் பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு பதாகை அங்கே தொங்கும். ஆட்சி மாறும்போதெல்லாம் பழைய பெயருக்கு மேல் புதுத் துணியை வெட்டி ஒட்டுவார்கள். அந்த இடம் மட்டும் மெத்தை மாதிரி தடித்துப் போயிருக்கும். ஒட்டுகிற வேலை மாமியாருடையது. ஞாயிற்றுக்கிழமை மனைவி போன் போட்டு, ஒட்டியாயிற்றா என்று கேட்டாள். ஸ்பீக்கரில் மாமியாரின் குரல் பக்கத்தில் இருப்பதுபோல் கேட்டது.

"இந்தமுறை ஒட்டேல்லைப் பிள்ளை. எனக்கு ஏலாது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

அன்றிலிருந்து நான் கதவைத் திறந்தால் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தால் நறுக்கிக்கொண்டே இருப்பாள். வருஷக்கணக்காக நான் ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் வீடு வெறிச்சோடிவிட்டது. குழம்பில் உறைப்புப் பற்றிப் பேச்சில்லை, சட்டை நிறம் பற்றிப் பேச்சில்லை. எங்களோடு இருந்த ஓர் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போன மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. வாசலில் வேண்டுமென்றே சாவியைக் குலுக்கிச் சத்தம் போட்டுப் பார்த்தேன். அதற்கும் நிமிரவில்லை.

ஆவணியில் அவன் நட்சத்திரம் வந்தது. பஸ்ஸில் காத்தோங் போகும்போது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இண்டைக்கு மற்றதைச் செய்வம். நீங்களே சொல்லிவிடுங்கோ. எனக்கு வாய் வராது."

மோட்ச அர்ச்சனையைத்தான் சொல்கிறாள். சரி என்றேன்.

கோயில் கவுன்டரில் இருந்த அம்மா பெயர் கேட்டார். மச்சானின் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். சாதாரண அர்ச்சனைதானே என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்னால் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். மனைவி தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

"சாதாரண அர்ச்சனைதான்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். சீட்டு கைக்கு வந்தது, சன்னதிப் பக்கம் நடந்தோம், குருக்கள் அவன் பெயரை உரக்கச் சொன்னார். பிறகு கைகூப்பியபடியே மெதுவாகச் சொன்னாள்.

"உங்களுக்கு இன்னும் கால் கழுவ ஆள் வேணுமாக்கும்."

"வேணும்" என்றேன்.