சதுரக் கொப்பியில் ஒரு நகரம்

சதுரக் கோடு போட்ட சாதாரணக் கணக்குக் கொப்பிதான். அதைக் கடைசியாக நான் கண்டது கொழும்பு காலி வீதிச் சோதனைச் சாவடியில், ஒரு பொலிஸ்காரரின் கையில்.

சண்டைக் காலம். அக்காவும் அத்தானும் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியறையில் இருந்தார்கள். நான் வெள்ளவத்தையில் போர்டிங்கில். வெளிநாடு போன சிநேகிதர் ஒருவர் அத்தானிடம் ஒரு பழைய கம்ப்யூட்டரை விட்டுப் போயிருந்தார். வெறும் விசைப்பலகை மட்டும். டீவியில் கொளுவ வேண்டும். அடித்ததைச் சேமித்து வைக்க வழியில்லை. நிற்பாட்டினால் எல்லாம் அழிந்துவிடும். ஞாயிறுதோறும் முதலாம் வரியிலிருந்து தொடங்குவோம்.

சொல்லித்தர எங்களுக்கு ஆளில்லை. நூலகத்தில் இருந்த ஆங்கிலச் சஞ்சிகைகளில் விளையாட்டுகளின் கட்டளை வரிகளைப் பக்கம் பக்கமாகப் போட்டிருப்பார்கள். இரவல் தரமாட்டார்கள் என்பதால் நான் கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டு போவேன். அக்கா வாசிப்பாள், அத்தான் அடிப்பார், நான் திரையைப் பார்த்துப் பிழை பிடிப்பேன். எங்கோ ஒரு கமா விடுபட்டு எல்லாம் நின்றுபோனால் அத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அது எங்களைத் திருப்பிப் படிக்கச் சொல்லுது, மச்சான்" என்பார். அப்படித் திருப்பித் திருப்பிப் படித்ததில்தான் எந்த வரி என்ன செய்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. ஒருநாள் ஒரேயொரு எண்ணை மாற்றினேன். திரையில் விமானம் இரண்டு மடங்கு வேகத்தில் பறந்தது. அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த விளையாட்டில் ஒரு விமானம் குண்டு போட்டுக் கட்டடங்களைத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் இறங்க வேண்டும். சஞ்சிகைக்காரனின் ஊர் எதற்கு, எங்கள் ஊரையே போடுவோம் என்று எனக்கு ஒரு ஆசை. சதுரங்களைப் பென்சிலால் நிரப்பிக் கடற்கரையையும் கோட்டைப் பகுதியின் உயரக் கட்டடங்களையும் கீறினேன். மேலே விமானம். ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில், கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டிய எண். அடியில் 'கொழும்பு' என்று பெரிதாக எழுதியும் வைத்தேன். அந்த நாட்களில், தமிழன் என்று காட்டும் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, வேறு எவன் இப்படி ஒரு படத்தைக் கீறிக்கொண்டு திரிவான்? எனக்கு அது விளையாட்டு, வேறொன்றும் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு அத்தான் வெள்ளவத்தைக்கு வந்திருந்தார். இருவருமாகக் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினோம். கொப்பி அவருடைய பைக்குள். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் அத்தான் எனக்கு இரண்டு பேர் முன்னால். பொலிஸ்காரர் கொப்பியை விரித்தார், பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு சிங்களத்தில், இது யாருடையது என்று கேட்டார்.

அத்தான் என் பக்கம் திரும்பவேயில்லை. "மகே" என்றார். என்னுடையது.

எனக்கு வாய் திறக்க நேரம் இருந்தது. ஜீப் வரும்வரை இருந்தது. என் அட்டையைப் பார்த்துத் திருப்பித் தந்தார்கள்; நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அக்காவிடம் போய், அத்தானைப் பிடித்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

நாற்பத்தொரு நாள். அக்கா தினமும் சோற்றுப் பார்சலோடு பொலிஸ் நிலைய வாசலில் போய் நின்றாள். அவர் திரும்பி வந்தபோது வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. ஒருமுறை டீவிக்கு முன்னால் வந்து இருந்தார், இடக்கையால் ஒரு விசையை அழுத்திப் பார்த்தார், எழுந்துவிட்டார். "இனி நீ அடி, மச்சான்."

நான் அடித்தேன். முப்பது வருஷமாக அந்த வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது.

இந்த வருஷம் அத்தான் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு, அக்கா அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலமும் அவற்றுக்குப் பொத்தான் பூட்டிவிட்டவள் அவள்தான். பக்கத்தில் போய் இருந்துகொண்டு சொன்னேன்.

"அக்கா, அந்தக் கொப்பியில கீறினது நான்."

அவளுடைய கை நிற்கவில்லை. "தெரியும். மூண்டாம் நாள் பொலிஸ்காரர் கொண்டுவந்து காட்டினவங்கள். ஏழுக்குக் குறுக்கால கோடு போடுறது எங்கட வீட்டில நீ ஒருத்தன்தானே."

அடுத்த சட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"புருஷன்ர எழுத்தோ எண்டு கேட்டாங்கள். இல்லை எண்டால் பிறகு ஆற்ற எழுத்து எண்டு கேப்பாங்கள். ஓம் எண்டு சொன்னனான்."

அவள் அப்படி ஓம் என்று சொன்னது அத்தானுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அக்கா சட்டையை மடியில் வைத்துவிட்டு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ இவ்வளவு காலமும் எனக்குச் சொன்னனியோ, தம்பி? அப்பிடித்தான் நானும் அவருக்குச் சொல்லேல்லை."