நல்லவனானதும் வேறு குரல்

1. சிவப்புக் கோடு

பெங்களூரில் ஒரு டப்பிங் ஸ்டுடியோ. வெளிநாட்டிலிருந்து வந்த கார்ட்டூன் படம். குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கிற வகை. வில்லன்தான் கதாநாயகன். ஊர் மழையையெல்லாம் திருடி, மலைக்கு அடியில் பீப்பாய்களில் அடைத்து வைக்கிறவன். போலீசுக்குப் பயந்து, குழாய் ரிப்பேர்காரன் என்று பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். அந்த வீட்டம்மாவும் பிள்ளைகளும் அவனைப் போகவிட மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் அவனே மழையைத் திறந்துவிடுகிறான். அவனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவன் நான். பாதிப் படம் வரை.

முதல் பாதியை முடித்த மறுநாள் காலை ரகுராம் சார் இரண்டாம் பாதி வசனத்தைக் கையில் கொடுத்தார். தமிழ் வசனம் எழுதியவரும் அவர்தான், டப்பிங்கை நடத்துகிறவரும் அவர்தான். முதல் பக்கத்தின் உச்சியில் சிவப்பு மையில் ஒரு கோடு. அதன் கீழே, "இனி நல்ல தமிழ்" என்று எழுதியிருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பேன். சரியாகப் படித்தோமா என்று இரண்டாம் முறையும் படித்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"இதுவரைக்கும் அவன் அண்டர்கிரவுண்ட் ஆளு, ஏழுமலை. உங்க பாஷை அதுக்கு அப்படியே பொருந்துச்சு. இனிமே அவன் நல்லவன். ஒரு குடும்பத்துல சேர்ந்துட்டான். டீசன்ட்டா பேசணும் இல்லையா?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. ஏசியைக் குறைக்கச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

2. மைக் பிடித்த கதை

அந்த மைக்குக்கு முன்னால் நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பங்காருப்பேட்டையில் லாரி கிளீனர், ஓசூரில் ஓட்டல், பெங்களூரில் வாட்ச்மேன் என்று எங்கேயும் ஒரு வருஷம் தாங்காதவன் நான். யாரும் துரத்தவில்லை. எனக்கே கால் நிற்காது. கடைசியில், தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊருக்கே திரும்பி, ஆண்டர்சன்பேட்டை ஜவுளிக் கடைகளுக்கு ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொன்னேன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சொல்வேன். எங்கள் ஊரில் அது ஒரு திறமையே இல்லை, எல்லாரும் பேசுவார்கள்.

மாமியார் வீட்டுக்கு வந்திருந்த மஞ்சு அதைக் கேட்டுவிட்டு ஆட்டோவை நிறுத்தினான். கன்னடக்காரன், சவுண்டு எஞ்சினியர். ஸ்டுடியோவுக்கு வா என்றான். மூன்று வருஷம் கிரவுடு வாய்ஸ் கொடுத்தேன். சந்தையில் கூவுகிறவன், அடிவாங்கி விழுகிறவன், தூரத்தில் ஓடுகிற போலீஸ், எல்லாம் நான்தான். எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் விடிகாலை ரயில் ஏறி நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவேன். பாதி ஊர் அப்படித்தான் போய் வருகிறது.

மழைத் திருடனுக்கு ஆள் தேடியபோது வந்தவர்களெல்லாம் அடிவயிற்றிலிருந்து ராட்சசக் குரல் எடுத்தார்கள். என்னையும் சும்மா நிற்க வைத்துப் பார்த்தார்கள். அவன் தன் மலைக்குள் லிஃப்டில் இறங்குகிற காட்சி. வசனத்தில் "லிஃப்டைக் கீழே இறக்கு" என்று இருந்தது. என் வாயில் வந்தது வேறு, சுரங்கத்தில் ஆளை இறக்குகிற கூண்டுக்கு எங்கள் ஊரில் கேஜ் என்று பேர்.

"பெல் அடிப்பா. கேஜ இறக்கு. இன்னாத்துக்கு அங்க நின்னுகினு கீற?"

ரெக்கார்டிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரகுராம் சார் உள்ளே ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு தினமும் கேட்பார். இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள், திட்டினால் எப்படி, ஏமாற்றினால் எப்படி என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். நானும் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். எங்கள் சுரங்க லைன் வீட்டுப் பேச்சு சினிமாவுக்குப் போகிறது என்று பெருமையாக இருந்தது. ஒருவன் அன்பாகப் பேசினால் எப்படிப் பேசுவான் என்று மட்டும் அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை. தப்பு என்னுடையது.

3. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

சிவப்புக் கோட்டுக்குக் கீழே முதல் வசனம், வீட்டம்மா அவனுக்குச் சோறு போடுகிற இடம். "நீங்கள் எல்லோரும் சாப்பிட்டீர்களா?" என்று அவன் கேட்க வேண்டும். ஹெட்போனை மாட்டினேன். படம் ஓடியது. அவன் வாய் அசைந்தது. நான் பேசவில்லை. மூன்று முறை ஓட்டினார்கள். மூன்று முறையும் பேசவில்லை.

ரகுராம் சார் பொறுமையாகத்தான் விளக்கினார். குழந்தைகள் பார்க்கிற படம், பெற்றோர் முகம் சுளிக்கக் கூடாது, மனசு மாறியது பேச்சில் தெரிய வேண்டும் என்றார். நேற்று வரைக்கும் இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்த குழந்தைகள் நாளைக்கு ஏன் முகம் சுளிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். சிரிப்பு வேறு, பாசம் வேறு என்றார்.

அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை.

"எங்கப்பா முப்பது வருசம் சுரங்கத்துல இறங்கி ஏறினவர் சார். ஷிப்டு முடிஞ்சு மேல வந்து எங்களப் பாத்து, 'துன்னீங்களாடா'ன்னுதான் கேப்பாரு. கீழ ஒரு பேச்சு, மேல ஒரு பேச்சுன்னு அவருகிட்ட இல்ல. அதவிட பாசமா யாரும் எங்கிட்ட கேட்டதில்ல."

"உங்கப்பாவை நான் ஒண்ணும் சொல்லலையே ஏழுமலை."

"எங்கப்பாவத்தான் சார் சொல்றீங்க."

அவர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சத்தம் போடவில்லை. மதியமே வேறொரு ஆர்ட்டிஸ்ட் வந்தார். என் குரலோடு ஏறக்குறைய ஒத்துப்போகிற குரல். நல்ல மனிதர், என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் கோரமண்டலுக்கு ரயில் ஏறினேன்.

4. அழ ஆள் வேண்டும்

பத்து நாளில் மஞ்சு போன் செய்தான். புது ஆள் வசனமெல்லாம் சுத்தமாகப் பேசிவிட்டார். ஆனால் கடைசியில் வில்லன் வீட்டம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுகிறான். அந்த அழுகை அவருக்கு வரவில்லை. முதல் பாதியில் நான் சிரித்த சிரிப்போடும், விட்ட மூச்சோடும் சேரவில்லை. எங்கள் தொழிலில் வசனம் தனி. சிரிப்பு, அழுகை, முக்கல், முனகலுக்கு எஃபர்ட்ஸ் என்று பெயர். எஃபர்ட்சுக்கு மட்டும் நான் வேண்டுமாம்.

"பேச்சு அவருது, அழுகை என்னுதா?" என்று கேட்டேன்.

"கோபம் பேட குரு, வேணாம். நீ வா. ரெக்கார்ட் பட்டன் என் கையிலதானே இருக்கு."

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன். அந்தத் திருடனை நான்தான் பாதி வழி கூட்டி வந்தேன். அழும்போது அவனைத் தனியாக விட மனசு வரவில்லை.

ரகுராம் சார் சத்தம் மட்டும் போதும் என்றார். படம் ஓடியது. நான் அழுதேன்.

"அய்யோ தாயே, இன்னா பண்ணிட்டேன் நானு. உன் சோத்த துன்னுட்டு உன் ஊர் தண்ணிய பூட்டி வச்சனே..."

கட் சொன்னார். வார்த்தை வேண்டாம், அழுகை மட்டும் என்றார். மறுபடி அழுதேன். மறுபடி வார்த்தை வந்தது. வீம்புக்குச் செய்யவில்லை. எங்கள் பக்கம் யாரும் வெறும் சத்தமாக அழுவதில்லை. சாவு வீடானாலும், கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்புகிற வாசலானாலும், என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் அழுவோம். வார்த்தையை எடுத்துவிட்டால் எனக்கு அழுகை நின்றுவிடுகிறது. மூன்றாவது டேக்கில் நன்றாகவே அழுதுவிட்டேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்தேன்.

திரையில் அவன் முகம் தோளில் புதைந்திருக்கிறது. உதடு தெரியாது. அதனால் அந்த டேக் படத்தோடு ஒட்டியது. ரகுராம் சார் அதைத் திரும்ப ஒரு முறை ஓட்டச் சொன்னார். பிறகு மஞ்சுவிடம், இதையே வைத்துக்கொள், மழைச் சத்தத்தை மேலே ஏற்றிவிடு, வார்த்தை வெளியே தெரிய வேண்டாம் என்றார்.

என் காதுபடத்தான் சொன்னார்.

5. ஸ்கெலட்டனில் பார்த்தது

படம் வந்தபோது, ஸ்கெலட்டன் என்கிற எங்கள் ஊர்ச் சுரங்கக் குடியிருப்பில் என் அக்கா கோமதி வீட்டு டிவியில் பார்த்தோம். பக்கத்து வீட்டு முனுசாமி மாமாவும் வந்திருந்தார், சுரங்கத்தில் மரத்தால் முட்டுக் கொடுக்கிற டிம்பர்மேனாக இருந்தவர். முதல் பாதியில் அந்த ஒற்றை அறை சிரிப்பால் அதிர்ந்தது. கேஜ இறக்கு என்றதும் மாமா தொடையைத் தட்டிக்கொண்டு, நம்ம ஆளுடா இவன் என்றார்.

அப்புறம் அந்தச் சோறு போடுகிற காட்சி வந்தது. நீங்கள் எல்லோரும் சாப்பிட்டீர்களா என்று அவன் கேட்டான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதன்பிறகு யாரும் அதிகம் சிரிக்கவில்லை.

முனுசாமி மாமா மெதுவாகச் சொன்னார்: "மேல ஏறி வந்ததும் ஆபீசர் ஆயிட்டான் பாரு."

கடைசிக் காட்சியில் மழை கொட்டியது. என் அழுகை அதன் அடியில் எங்கேயோ இருந்தது. அக்கா எழுந்துபோய் டிவி பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். "இன்னாவோ சொல்றான்டா. புரியல," என்றாள். என்ன சொன்னேன் என்று நான் சொல்லிக் காட்டவில்லை. வெளியே வந்து நின்றேன். படம் முடிந்து எல்லாரும் போகும்வரை உள்ளே போகவில்லை.

இப்போதும் குரல் கொடுக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு மூச்சு பிடிப்பது, உதட்டுக்கு ஒட்டுவது எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். உங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டு ஒருவர் கைதட்டினால், அந்த இடத்திலேயே வசனத்தின் கடைசிப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அவன் நல்லவனான பிறகும் இப்படியே பேசுவானா என்று பாருங்கள். பேசமாட்டான் என்றால், முதல் வசனத்துக்கும் குரல் கொடுக்காதீர்கள்.