அம்மாவைப் போக விடமாட்டேன் என்றேன்

சபையாரே, நான் ஆண்டவரோடு சண்டை போட்டவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். என் தம்பியும் சிங்கப்பூரில் இருந்தான். நீடாமங்கலத்தில் அம்மாவும் நானும்தான். ஓர் ஐப்பசி மழையில் அம்மாவுக்கு நிமோனியா வந்தது. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். எழுபதைத் தாண்டிய உடம்பு. நான் உடைந்து போனேன்.

சளி குறைந்ததும் டாக்டர், "மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறோம். அவங்களா மூச்சு விட்டாத்தான் குழாயை எடுக்க முடியும்" என்றார். முதல்முறை குறைத்த அன்றுதான் சபை மூப்பர் நாலைந்து பேரோடு வந்தார். கட்டிலருகே கைகளை உயர்த்தி, "கர்த்தாவே, உமது அடியாளைச் சமாதானத்தோடே எடுத்துக்கொள்ளும்" என்று உரக்க ஜெபித்தார். நினைவில்லாமல் கிடப்பதாக நாங்கள் நினைத்திருந்த அம்மாவின் கண்ணோரம் நீர் வழிந்தது. மூச்சு தாறுமாறாக ஏறியது. நர்ஸ் ஓடி வந்து மெஷினைப் பழையபடி கூட்டிவிட்டார்.

வெளியே சித்தப்பா, "உசுரு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்மா" என்றார். தம்பி போனில் அழுதான். "அக்கா, டிக்கெட் போடட்டுமா?"

எனக்கு வந்ததே கோபம்! "சாவுக்குன்னா வராத. அம்மா பேசுறப்ப வா" என்று போனை வைத்தேன். மூப்பரிடம் போய், "ஐயா, மூச்சு வேணும்னு கேக்கறதா இருந்தா உள்ள வாங்க. இல்லன்னா வாசல்லயே நில்லுங்க" என்றேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. போகட்டும்.

அங்கேயே தரையில் மண்டியிட்டேன். "ஆண்டவரே, அவங்க கேட்டதைக் கொடுத்தா நான் உம்மோட பேசவே மாட்டேன். நான் கேக்கறதைக் கொடும்." இப்படியா ஜெபிப்பது என்று கேட்காதீர்கள். எனக்கு அப்படித்தான் வந்தது.

மறுநாள் மறுபடியும் குறைத்தார்கள். நான் அம்மாவின் காதோரம், "நீ எங்கேயும் போகல. நம்ம வீட்டுக்குத்தான் வரப்போற" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். முதலில் திணறினார். மெல்ல மெல்ல மூச்சு நிதானத்துக்கு வந்தது. சாயங்காலம் குழாயை எடுத்துவிட்டார்கள். நான் சத்தம் போட்டு அழுதேன்.

கரகரத்த குரலில் அம்மா முதலில் கேட்டது இதுதான்: "என்னைக் கூட்டிக்கச் சொல்லி ஜெபம் பண்ணது யாருடி?"

எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அம்மா கோயிலுக்கு வந்து, மூப்பருக்கு நேர் எதிரே உட்கார்ந்து கொண்டார். மூப்பர் தோத்திரம் சொன்னபோது, "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார்.

டாக்டர்களின் கைகளைக் கொண்டு நடத்தியவர் ஆண்டவர், அவருக்கே நன்றி. உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கிடந்தால், அவர்களுக்குக் காது கேட்கும் என்று நம்பி ஜெபியுங்கள். உயிரைக் கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னிடமே கோபித்துக்கொள்ளவில்லையே.